லென்சு ராத்தா

நவம்பர் 9, சனி

ஓசாக்கா வந்து சேர்ந்தோம், அல்ஹம்துலில்லாஹ். ஒரு பெட்டியில் சக்கரம் கழன்றுவிட்டது. ஊறுகாய் பாட்டில் உடையவில்லை.

இந்த நோட்டை என் மகள் முஷ்ஃபிராவின் வாப்பா ஜித்தாவிலிருந்து ஆள் மூலம் கொடுத்துவிட்டார்கள். "பத்து நாளும் கண்டதை ஒண்ணு விடாம எழுது. நீ சரின்னா எனக்கும் சரி, நீ வேணாம்னா எனக்கும் வேணாம்" என்று போனில் சொன்னார்கள். ஆகையால் இது வெறும் நாட்குறிப்பு இல்லை, சாட்சி. அவர்களே படிக்கப்போவதால் கையெழுத்தைக் கவனித்து எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். மகளுக்கு வயது பத்தொன்பது. ஜப்பான் கார்ட்டூன் படங்களுக்கு, அதாவது அவள் உயிரை விடுகிற அனிமேக்களுக்கு, வரைய ஆள் பழக்கும் கல்லூரி ஒன்று இந்த ஊரில் இருக்கிறது. அதில் இவளுக்கு இடம் கிடைக்கும் போலிருக்கிறது. உருவம் வரைவது நமக்கு மார்க்கத்தில் ஆகாது என்று நான் போன வருடமே சொல்லிப் பார்த்தேன். "உயிருள்ளது எதையும் வரைய மாட்டேன் உம்மா. பின்னணி மட்டும்தான். வானம், வீடு, ரோடு, மரம். ஆளுகளை வேற யாராவது வரைஞ்சு ஒட்டிக்குவாங்க" என்றாள். ஊரில் ஆலிம்சாவிடம் கேட்டேன். வானத்துக்கும் மரத்துக்கும் தடை இல்லை என்றுவிட்டார். அவரிடம் கேட்டிருக்கவே கூடாது.

எனவே மிச்சமிருப்பது ஒரே கேள்வி. ஒரு முஸ்லிம் பெண்பிள்ளை இந்த ஊரில் தொழுது, ஹலாலாகச் சாப்பிட்டு, மானத்தோடு இருக்க முடியுமா? அதைப் பார்த்துச் சொல்ல என்னைவிடத் தகுந்த ஆள் காயல்பட்டினத்தில் கிடையாது. தைக்காவில் பெண்பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பவள் நான். அதற்காக யாரும் என்னைத் தேடி வருவதில்லை. பிஸ்கட் பாக்கெட்டோடு வருகிறார்கள். "ராத்தா, இதைத் திங்கலாமா?" பின்பக்கத்துப் பொடி எழுத்தை லென்சு வைத்துப் படித்துச் சொல்வேன். ஊரில் எனக்கு லென்சு ராத்தா என்று பெயர். கேலியாக வைத்ததுதான், இப்போது மரியாதையாகிவிட்டது. லென்சு கைப்பையில் இருக்கிறது.

எங்களை அழைத்துவந்தது என் தம்பி ஸதக். கோபேயில் முத்துக் கம்பெனியில் வேலை பார்க்கிறான், இங்கிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள். அவன் வீட்டில் அவன் மனைவியும் மூன்று பிள்ளைகளும் நிற்கவே இடம் பற்றாது. அதனால் மகள் படிக்க வந்தால் தங்கப்போகிற பெண்கள் விடுதியிலேயே எங்களை இறக்கிவிட்டான். நாலு அறை, கீழே சமையலறை. நடத்துகிற அம்மாளுக்கு அறுபது வயதிருக்கும். என்னைவிடப் பத்து வயது மூப்பு, என்னைவிட வேகமாக மாடி ஏறுகிறார். பெயர் முராத்தா.

"பேருலயே ராத்தா இரிக்கு உம்மா" என்று மகள் சிரித்தாள். எங்கள் ஊரில் அக்காளை ராத்தா என்போம் என்று அந்த அம்மாளுக்கும் விளக்கிவிட்டாள். அவர் நெஞ்சில் கைவைத்துக் குனிந்து, "ராத்தா, ராத்தா" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டார். நான் அப்படிக் கூப்பிடப் போவதில்லை. முராத்தா அம்மா என்றால் போதும்.

சமையலறையில் சில சட்டிகளின் கைப்பிடியில் பச்சை டேப் சுற்றியிருக்கிறது, சிலதில் இல்லை. ஏனென்று தெரியவில்லை. கவனிக்க வேண்டும்.

நவம்பர் 10, ஞாயிறு

ஸதக் வந்து ஊர் சுற்றிக் காட்டினான். ஓசாக்காக் கோட்டை பார்த்தோம். பெரிய அகழி, பெரிய பெரிய கல். நான் கோட்டையைப் பார்க்க, மகள் கோட்டைக்கு மேலே வானத்தைப் பார்த்தாள். இலையெல்லாம் பழுத்துச் சிவந்து கிடக்கிறது. அதில் ஒன்றை எடுத்துத் தன் நோட்டுக்குள் வைத்தாள்.

லுஹர் தொழுகைக்கு எங்கே போவது என்று ஸதக்கிடம் கேட்டேன். ஒரு பெரிய கடைக் கட்டடத்துக்குள் கூட்டிப்போனான். பெண்களுக்குத் தனி அறை. கால் கழுவத் தாழ்வான குழாய், உட்கார முக்காலி, கிப்லாத் திசைக்கு அம்புக்குறி, மடித்துவைத்த தொழுகை அங்கி. முக்காலியைக்கூட யோசித்து வைத்திருக்கிறார்கள். என் முழங்காலை யாரோ முன்கூட்டியே சொல்லிவைத்தது போல.

"எப்படி ராத்தா?" என்றான் ஸதக்.

"குழாய்ல தண்ணி ரொம்ப மெல்லமா வருது" என்றேன்.

சாயங்காலம் ஹலால் சான்றிதழ் மாட்டிய கடையில் பேய்க்கணவாயைத் துண்டாக்கி உள்ளே வைத்துச் சுட்ட உருண்டை தின்றோம். நமக்குக் கடலில் எதுவும் ஆகும் என்பதால் சங்கடமில்லை. நாக்கு வெந்தது. எட்டு உருண்டையில் ஆறை நான்தான் தின்றேன் என்று மகள் சொல்கிறாள், அது மிகை.

நவம்பர் 11, திங்கள்

கழிப்பறையைப் பற்றி எழுதவேண்டும். பொத்தானை அழுத்தினால் தண்ணீர் வருகிறது, அதுவும் வெந்நீர். இதில் மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பலசரக்குக் கடைக்குப் போனேன். லென்சு இருந்து என்ன பிரயோஜனம், எழுத்தே புரியவில்லை. மகளின் நோட்டிலிருந்து இரண்டு எழுத்துகள் மட்டும் கற்றுக்கொண்டேன். ஒன்று பன்றி. மற்றது சாராயம். சாராயம் எளிது: ஒரு ஜாடி, அதன் இடப்பக்கம் மூன்று துளி. ஒரு மணி நேரத்தில் மனப்பாடம். இந்த வயதிலும் என் மூளைக்கு ஒரு குறைவும் இல்லை, மாஷா அல்லாஹ்.

நவம்பர் 12, செவ்வாய்

நிப்பொம்பாஷி என்று ஒரு பேட்டை. முழுக்க அனிமே பொம்மைக் கடைகள். ஐந்து மாடிக் கடை, மாடிக்கு ஆயிரம் பொம்மை. அதில் பல பொம்மைகளுக்கு உடுப்பு போதாது. கண்ணைத் தாழ்த்திக்கொண்டே போனதில் ஒரு தூணில் இடித்துக்கொண்டேன். இதையெல்லாம் எழுதிக்கொள்கிறேன் என்று மகளிடம் சொன்னேன். "எழுதுங்க உம்மா. பழைய புஸ்தகக் கடையையும் எழுதுங்க" என்றாள்.

எழுதுகிறேன். அந்தக் கடையில் பின்னணி ஓவியங்களுக்கென்றே தனி அலமாரி இருந்தது. இவள் பன்னிரண்டு வயதில் திரும்பத் திரும்பப் பார்த்த 'மேகத் தபால்' என்ற படத்தின் ஓவியங்கள் புத்தகமாக இருந்தன. ஆள் யாருமில்லை, வெறும் வானம்தான். காலை, மதியம், மழைக்கு முன், மழைக்குப் பின். அந்தப் பக்கங்களைத் தொடாமல் விரலை மேலே வைத்தபடி நகர்த்தினாள். ஓதும்போது அரபு எழுத்தில் விரல் வைத்துப் போவாளே, அதே மாதிரி.

வெளியே ஒரு பெண்பிள்ளை வேஷம் கட்டி நின்றாள். மலேசியாக்காரி. நீலத் துணியில் முக்காடு போட்டு, அந்த முக்காட்டையே மடித்துப் பின் குத்தி அனிமேக்காரியின் கொண்டை மாதிரி ஆக்கியிருந்தாள். ஒரு முடி வெளியே தெரியவில்லை. இது கூடுமா கூடாதா என்று நான் யோசிப்பதற்குள் அவளே எனக்கு சலாம் சொல்லிவிட்டாள். பதில் சொல்லிவிட்டு, எத்தனை பின் குத்தினாள் என்று மட்டும் மகளைக் கேட்கச் சொன்னேன். இருபத்திரண்டாம். குத்தியது நேர்த்தியாகத்தான் இருந்தது.

நவம்பர் 13, புதன்

கண்டுபிடித்துவிட்டேன்.

காலையில் முராத்தா அம்மாள் சோறும் மீனும் வைத்து, சின்னக் கிண்ணத்தில் வெள்ளரிக்காயை ஏதோ புளிப்பில் ஊறவைத்துக் கொடுத்தார். மகள் உடனே தின்றுவிட்டாள். நான் தட்டைக் கழுவ உள்ளே போனேன். அடுப்புப் பக்கம் ஒரு சீசா. மேலே பெரிய எழுத்து. லென்சு வைத்தேன். ஜாடி! அதே ஜாடி. மூன்று துளி இல்லை. ஜாடி இடப்பக்கம் இருந்தது, வலப்பக்கம் சீப்பு மாதிரி ஒன்று. துளி இருந்தால் என்ன, சீப்பு இருந்தால் என்ன, ஜாடி ஜாடிதானே. போதாததற்கு, குளிர்பெட்டிக் கதவில் கையால் எழுதிய ஒரு பட்டியல். சிலவற்றுக்குப் பெருக்கல் குறி, சிலவற்றுக்கு வட்டம். இந்த எழுத்துக்குப் பக்கத்தில் சிவப்பு வட்டம். பள்ளிக்கூடத்தில் டீச்சர் தப்பைச் சுழித்துக் காட்டுவாரே, அப்படி. ஆகத் தப்பென்று தெரிந்தே வைத்திருக்கிறார்!

சீசாவைப் பார்த்ததும் என் வாயில் அல்ஹம்துலில்லாஹ் என்று வந்தது. ஹராமிலிருந்து காப்பாற்றினானே என்று.

வெள்ளரிக்காயைத் தொட்டியில் கொட்டினேன். சீசாவைத் தூக்கி அந்த அம்மாள் முகத்துக்கு நேரே காட்டி, "இது என்ன? எங்களுக்கு இதையா ஊத்தித் தந்தீங்க?" என்றேன். தமிழில்தான். கோபத்துக்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை.

மகள் ஓடிவந்தாள். "உம்மா, அது வேற உம்மா. அது..."

"நீ பேசாதே! படிப்பு வேணும்னா வெஷத்தையும் பாலுன்னு சொல்லுவே நீ."

அவள் முகம் சின்னதாகிவிட்டது. பிறகு அந்த அம்மாளிடம் ஜப்பான் மொழியில் ஏதோ இரண்டு வார்த்தை சொன்னாள். அவர் இடுப்புவரை குனிந்து, சுமிமாசென், சுமிமாசென் என்று நாலு தடவை சொன்னார். மன்னிப்பு என்று அர்த்தமாம். குற்றம் செய்யாதவர் ஏன் மன்னிப்புக் கேட்கவேண்டும்?

முஷ்ஃபிரா வாப்பாவுக்குப் போன் போட்டேன். சமையலறையிலேயே சாராயம் என்றேன். "அப்ப வேணாம். ஊருக்கு வந்துருங்க" என்றார்கள். மகளிடம் சொன்னேன். சரி உம்மா என்றாள், அழவில்லை. நல்ல பிள்ளை.

இன்று நன்றாகப் பசித்தது.

நவம்பர் 14, வியாழன்

சமையலறை அலமாரி காலியாக இருக்கிறது. அந்தச் சீசா மட்டும் இல்லை, கறுப்புச் சாறு, பழுப்புச் சாறு, எல்லாச் சீசாக்களும் போய்விட்டன. காலையில் எங்களுக்குச் சோறு, அவித்த முட்டை, உப்பு, வாழைப்பழம். வைத்துவிட்டு அந்த அம்மாள் சுவரோரம் நின்றார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சரிதான்.

கல்லூரியில் முன்பே நேரம் வாங்கியிருந்தோம். "போகாம இருந்தா மரியாதை இல்ல உம்மா. போய் வேணாம்னு சொல்லிட்டு வந்துரலாம்" என்றாள். போனோம். சுத்தமான இடம். ஒரு வாத்தியார், இளவயது, எனக்குக் கைகொடுக்க நீட்டிய கையைப் பாதியில் மடக்கி நெஞ்சில் வைத்துக்கொண்டார். யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

மகள் அனுப்பியிருந்த ஓவியங்களைத் திருப்பித் தந்தார்கள். பார்த்தால் பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு வட்டம்! எனக்கு அவள்மேல் இரக்கமாகிவிட்டது. "போகட்டும் புள்ள. எல்லாத்தையும் தப்புன்னு சுழிச்சிட்டாங்க. நமக்கு இது நஸீபு இல்ல" என்று முதுகைத் தடவினேன். அவள் என்னைப் பார்த்த பார்வை. "உம்மா, இங்க வட்டம் போட்டா சரின்னு அர்த்தம். தப்புக்குத்தான் பெருக்கல்."

ஒரு படத்துக்கு மட்டும் வட்டத்துக்குள் வட்டம். அது மிக நன்று என்பதாம். அந்தப் படத்தில் என் அறை. ஜன்னல் வெளிச்சம், தொழுகை விரிப்பு ஒரு முனை மடிந்து, மேசையில் பிரித்த பிஸ்கட் பாக்கெட், அதன்மேல் லென்சு. ஆள் இல்லை. இப்போதுதான் எழுந்து போன மாதிரி இருக்கிறது. எப்போது இதை வரைந்தாளோ, நான் பார்த்ததே இல்லை.

"வெறும் ரூமுதானே" என்றேன்.

"ஆமா உம்மா" என்றாள்.

வேண்டாம் என்று அங்கே அவள் சொல்லவில்லை, மனம் வரவில்லை போல. திங்கட்கிழமைக்குள் பதில் தரவேண்டும் என்று ஒரு படிவம் கொடுத்தார்கள்.

வட்டம் போட்டால் சரி என்கிறார்கள். அப்படியானால் குளிர்பெட்டிக் கதவில்... சரி, அது வேறு விஷயம். தலைவாரும் சீப்பை எங்கோ வைத்துவிட்டேன், தேடவேண்டும்.

நவம்பர் 15, வெள்ளி

வெள்ளிக்கிழமையாதலால் குர்ஆனில் ஸூரா கஹ்ஃபு ஓதினேன். லுஹர் தொழுதுவிட்டு, மகள் ஒரு ஹலால் ராமென் கடைக்குக் கூட்டிப்போனாள். கோழிச்சாற்றில் நூடுல்ஸ். பரிமாறிய பிள்ளை இந்தோனேசியாக்காரி, முக்காடு போட்டிருந்தாள். சுவரில் சான்றிதழ். சாறு நன்றாக இருந்தது, மிளகு குறைவு. மகள் அதிகம் சாப்பிடவில்லை. உட்கார்ந்ததும் மேசையிலிருந்த சீசாக்களில் ஒன்றை ஏனோ என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

சீசாவில் ஜாடியும் சீப்பும் இருந்தன. பக்கத்தில் பச்சையில் ஹலால் முத்திரை.

அந்த இந்தோனேசியாப் பிள்ளையிடம் சீசாவைக் காட்டி, "ஹலால்?" என்றேன். அவள் சிரித்து, கரண்டியில் ஒரு சொட்டு விட்டு நக்கி, கண்ணை இறுக்கிக்கொண்டு முகத்தைச் சுளித்துக் காட்டினாள். என்னையும் முகரச் சொன்னாள்.

பிறகு ஆற்றங்கரையில் நடந்தோம். ஒரு கடை வாசலில் பெரிய நண்டு பொம்மை கால்களை ஆட்டிக்கொண்டிருக்கிறது. எல்லோரும் படம் எடுக்கிறார்கள். திரும்பிவந்து காலுறை இரண்டு ஜோடி துவைத்தேன். இங்கே வெயில் போதாது, காயவில்லை.

நவம்பர் 16, சனி

தலைவலி. எழுதவில்லை.

நவம்பர் 17, ஞாயிறு

வெள்ளிக்கிழமை சீசாவைப் பற்றி எழுதிவிட்டு நண்டுக்குப் போய்விட்டேன். நண்டு முக்கியமில்லை.

முகர்ந்ததுமே தெரிந்துபோனது, அது காடி. வெறும் காடி. வினிகர் என்று பாட்டிலில் வாங்கி நாமே ஊறுகாய்க்கு ஊற்றுகிற காடி. ரசூலுல்லாஹ் ரொட்டிக்குத் தொட்டுச் சாப்பிட்டுப் புகழ்ந்தார்கள் என்று தைக்காவில் நானே வருடா வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற காடி. அதைத்தான் தொட்டியில் கொட்டினேன். அதற்காகத்தான் ஒரு மூத்த மனுஷியை என்முன் நாலு தடவை குனியவைத்தேன்.

பதிமூன்றாம் தேதிப் பக்கத்தைக் கிழித்துவிடலாம் என்று நேற்று முழுவதும் நினைத்தேன். உண்மையில் தலை வலிக்கவில்லை. நான் பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. மகள் சொல்லமாட்டாள். செவ்வாய்க்கிழமை விமானம் ஏறினால் பிள்ளை என்னோடு வீட்டுக்கு வந்துவிடும். மார்க்கப் பேணுதலான உம்மா என்று ஊர் மெச்சும்.

ஆகவே சாட்சி சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அந்தச் சீசாவைப் பார்த்தபோது நான் சந்தோஷப்பட்டேன். அல்ஹம்துலில்லாஹ் என்றது ஹராமிலிருந்து தப்பியதற்காக இல்லை. பிள்ளையை அனுப்பாமல் இருக்க ஒரு காரணம் கிடைத்ததற்காக. வந்த நாளிலிருந்து அதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். தொழும் இடத்தில் தேடினேன், குழாயில் தேடினேன், பொம்மைக் கடையில் தேடினேன். கிடைக்கவில்லை. கடைசியில் ஒரு ஜாடிப் படம் கிடைத்தது. அது சாராயமாக இருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஒரு முஸ்லிமானவள் ஆசைப்படுகிற ஆசையா இது! ஹராமை ஹலால் என்பது எவ்வளவு குற்றமோ, ஹலாலை ஹராம் என்பதும் அவ்வளவு குற்றம். குறுகுறுத்தது என் நெஞ்சுதான். நான் அதை அந்த அம்மாள் தலையில் கட்டினேன்.

காலையில் முதலில் மகளிடம் சொன்னேன். தலை சீவிக்கொண்டிருந்தாள்.

"அது காடியாம் புள்ள."

"தெரியும் உம்மா."

"ஏண்டி அன்னைக்கே அடிச்சுச் சொல்லல?"

"சொன்னா நம்பியிருப்பீங்களா? படிப்புக்காக ஹராமைத் திங்கிறவன்னுல்ல நெனச்சிருப்பீங்க. அதைவிட ஊருக்கே வந்துரலாம்னு தோணிச்சு." சீப்பை மடியில் வைத்துவிட்டு, "நீங்களே பாக்கணும்னுதான் அந்தக் கடைக்குக் கூட்டிட்டுப் போனேன்" என்றாள்.

"அன்னைக்கி அவங்ககிட்ட ஜப்பான்ல என்ன சொன்னே?"

"எங்க உம்மாவுக்குப் பயமா இரிக்குன்னு சொன்னேன்."

அதற்குமேல் என்னால் முடியவில்லை. அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். பாதிச் சீவிய தலையோடு அவளும் அழுதாள்.

பிறகு நான் தனியாகக் கடைக்குப் போனேன். இந்த ஊரில் முதல்முறையாகத் தனியாக. அலமாரியில் நாற்பது சீசா. லென்சை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்து, இடப்பக்கம் ஜாடி, வலப்பக்கம் சீப்பு, துளி இல்லை என்று மூன்று தடவை சரிபார்த்து எடுத்தேன். திரும்பும்போது வழி தப்பி ஒரு பள்ளிக்கூடத்தைச் சுற்றிவந்தேன்.

சமையலறை மேசையில் சீசாவை இரண்டு கையாலும் வைத்தேன். முராத்தா அம்மாள் பதறிப்போனார். "நோ, நோ" என்று கையாட்டி, என்னைக் குளிர்பெட்டிப் பக்கம் இழுத்துப்போய்ப் பட்டியலைக் காட்டினார். அந்த எழுத்துக்குப் பக்கத்திலிருந்த வட்டத்தை அடித்துவிட்டுப் பெருக்கல் குறி போட்டிருந்தார். எனக்காக! கீழே இன்னும் ஏழெட்டு எழுத்து, எல்லாவற்றுக்கும் பெருக்கல்.

மகள் பட்டியலைப் படித்துச் சொன்னாள். இது நாங்கள் வருவதற்கு ஒரு மாதம் முன்பே அவர் எழுதியது. இவளுக்கு எழுதிக் கேட்டு, படித்து, எது ஆகும் எது ஆகாது என்று ஒவ்வொன்றாகப் பிரித்திருக்கிறார். பச்சை டேப் சட்டிகளெல்லாம் புதிது. பன்றி படாத சட்டி எங்களுக்கென்று தனியாக வாங்கி அடையாளம் கட்டியிருக்கிறார். மீனுக்கு ஊற்றுகிற இனிப்புச் சாற்றில் சாராயம் உண்டென்று தெரிந்ததும் அதை அன்றே வெளியே கொடுத்துவிட்டாராம். பேணுதல் பேணுதல் என்று ஊரெல்லாம் பேசுகிறேனே, பேணுவது என்றால் என்னவென்று இந்த அம்மாளின் சமையலறைதான் எனக்குக் காட்டியது.

அவர் பேனாவை வாங்கிப் பெருக்கலை அடித்தேன். பக்கத்தில் வட்டம் போட்டேன். நிமிர்ந்த கதவில் எழுதிப் பழக்கமில்லை, முட்டை மாதிரி வந்தது. அதற்குள் இன்னொரு வட்டம் போட்டேன்.

"ராத்தா," என்றேன். "என்னை மன்னிச்சிருங்க ராத்தா."

மகள் மொழிபெயர்க்க வாயெடுத்தாள். அவர் வேண்டாமென்று தலையாட்டிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு வெள்ளரிக்காயை எடுத்து நறுக்கத் தொடங்கினார். நான் இரண்டு கிண்ணம் தின்றேன். புளிப்பும் இனிப்புமாக இருக்கிறது, கொஞ்சம் பச்சைமிளகாய் போட்டால் இன்னும் நன்றாக இருக்கும்.

முஷ்ஃபிரா வாப்பாவுக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"காடியா? காடியவா கொட்டினே?"

"ஆமா."

சிரித்தார்கள். சிரிப்பு நின்றதும், "ஜொஹரா, நெசத்தச் சொல்லு. புள்ளைய விட மனசில்லையா?" என்றார்கள்.

"இல்ல."

"எனக்கும்தான் இல்ல. ஆனா நான் பதினெட்டு வருசமா ஒங்க ரெண்டு பேரையும் விட்டுட்டுத்தான் இரிக்கேன். செத்தா போனேன்? நீ இப்ப என்ன சொல்றே, அதைச் சொல்லு."

சொன்னேன்.

"அப்ப எனக்கும் சரி" என்றார்கள்.

நவம்பர் 18, திங்கள்

கல்லூரிக்குப் போனோம். படிவத்தில் பெற்றோர் பகுதியில் இரண்டு வார்த்தை அச்சடித்திருக்கிறது. ஒன்று சம்மதம், ஒன்று சம்மதமில்லை. வேண்டியதைச் சுற்றி வட்டம் போடவேண்டுமாம்.

"எதுடி சம்மதம்?"

மகள் விரலால் காட்டினாள். விரலில் பெயின்ட் கறை. நான் லென்சை எடுத்து வைத்துப் பார்த்தேன். எழுத்து தெரியவில்லை, எழுத்துக்கு முன் கண்ணீர்தான் தெரிந்தது. அவள் சொன்னதை நம்பி வட்டம் போட்டேன். இந்த முறை நல்ல உருண்டையாக வந்தது. ஏப்ரலில் கல்லூரி திறக்கிறது. ஞாயிற்றுக்கிழமைதோறும் ஸதக் வந்து பார்த்துக்கொள்வான்.

இப்போது பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறேன். சக்கரம் போன பெட்டிக்கு முராத்தா ராத்தா கயிறு கட்டிக் கொடுத்தார். நாளைக் காலை விமானம்.

ஊறுகாய் பாட்டிலை அவருக்குக் கொடுத்தேன். எலுமிச்சை ஊறுகாய். வாங்கியதும் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பாட்டிலைக் கண்ணோடு ஒட்டவைத்து, சுற்றிச் சுற்றி எழுத்தைத் தேடினார். தமிழில் ஓர் எழுத்துக்கூடத் தெரியாது. ஆனாலும் தேடினார். முஷ்ஃபிரா தின்னும் சமையலறைக்குள் போகிற பொருளாயிற்றே!

கைப்பையிலிருந்து லென்சை எடுத்து அவர் கையில் வைத்தேன். வேண்டாம், வேண்டாம் என்றார். விரல்களை மடக்கி மூடிவிட்டேன்.

இந்த நோட்டில் எந்தப் பக்கத்தையும் கிழிக்கவில்லை. முஷ்ஃபிரா வாப்பா, நீங்களே முழுதும் படித்துக்கொள்ளுங்கள். ஊரில் யாராவது பிஸ்கட் பாக்கெட்டோடு வந்தால், லென்சு ராத்தா ஓசாக்காவில் இருக்கிறார், கேட்டுத்தான் சொல்லவேண்டும் என்று சொல்லப்போகிறேன்.